காவல்துறை சர்வர்களைத் தனியார் நிறுவனம் நடத்தப்போகிறது: என்ன கேட்க வேண்டும், எதை விடக் கூடாது?

நள்ளிரவு ஷிப்ட் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு காவல்துறையின் கணினிப் பிரிவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். சீருடை கிடையாது, சிவில் ஊழியர். டேட்டாபேஸ், பேக்கப், அப்புறம் ராத்திரி ஏதாவது நின்றுபோனால் போன் அடித்து எழுப்புகிற ஆள் நான்தான். புகார்ப் பதிவு, வழக்குக் கோப்புகள், கைரேகைத் தேடல், தேடப்படுவோர் பட்டியல், அவசர அழைப்பு வந்தால் எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டு அறை மென்பொருள், எல்லாம் எங்கள் கையில்தான் ஓடுகின்றன. இதை மொத்தமாக ஏழு வருட ஒப்பந்தத்தில் ஒரு நிறுவனத்திடம் கொடுப்பது என்று மேலிடத்தில் கொள்கை அளவில் முடிவாகிவிட்டது. சர்வர், நெட்வொர்க், டேட்டாபேஸ் பராமரிப்பு, ஹெல்ப்டெஸ்க், அத்தனையும். எங்களில் பெரும்பாலோர் அந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலுக்கு மாறுவோம், ஒரு சிலர் மட்டும் ஒப்பந்தத்தைக் கண்காணிக்க இங்கே இருப்பார்கள்.

டெண்டர் ஆவணம் இன்னும் எழுதி முடிக்கவில்லை. ஊழியர் தரப்பிலிருந்து இரண்டு பக்கக் குறிப்பு கொடுக்கலாம் என்று குழு சொல்லியிருக்கிறது, எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

வேலை போய்விடும் என்ற பயத்தில் எழுதிய குறிப்பாக அது இருக்கக் கூடாது. எனக்கு உண்மையான கவலை வேறு. நான் டேட்டாபேஸ் அட்மின், நினைத்தால் எதையும் பார்க்க முடியும். கணவனிடமிருந்து தப்பி வந்த ஒரு பெண் இப்போது எந்த விடுதியில் தங்கியிருக்கிறாள் என்பது அதில் இருக்கிறது. யார் துப்புக் கொடுத்தார்கள் என்பது இருக்கிறது. குற்றம் எதுவும் செய்யாமல் சாட்சியாகப் பெயர் கொடுத்த ஆயிரக்கணக்கான பேரின் வீட்டு முகவரி இருக்கிறது. நான் சேர்ந்தபோது என் பின்புலத்தைச் சரிபார்க்க நாலு மாதம் எடுத்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தில்கூட விசாரித்தார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது, இப்போது அது எவ்வளவு சரி என்று புரிகிறது. சில வருடம் முன்பு எங்கள் பிரிவிலேயே ஒருவர் தன் உறவுக்காரப் பையனுக்குப் பெண் பார்க்கும் வீட்டாரைப் பற்றிப் பதிவேட்டில் தேடிவிட்டார். யார் எதைப் பார்த்தார்கள் என்று தானாகப் பதிவாகும் லாக்கில் சிக்கினார், வேலை போனது. எங்களிடம் ஒப்பந்தப்படி வரும் ஆளுக்கும் இதே கட்டுப்பாடு இருக்குமா?

வேறு நாடுகளில் இப்படிக் கொடுத்து என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் எந்த வரி இல்லாவிட்டால் கையெழுத்தே போடக் கூடாது என்பீர்கள்?


வேர் பாஸ்வேர்ட் பதில்:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். ஒப்பந்த நிறுவனத்தின் ஆளாக ஆறு வருடம் ஒரு காவல்துறையின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டேன். நிறுவனத்தின் பெயரும் ஊரும் வேண்டாம். கூட இருந்தவர்கள் நல்லவர்கள், வேலை தெரிந்தவர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோளாறு ஆட்களிடம் இல்லை, வேலை அமைந்திருந்த விதத்தில் இருந்தது.

டெண்டரில் குறைந்த விலை போட்டு ஜெயித்தார்கள். முதல் வருடம் காவல்துறையிலிருந்து மாறி வந்த பழைய ஆட்கள்தான் வேலையை நடத்தினார்கள், அதனால் எல்லாம் சுமுகமாகப் போனது. இரண்டாம் வருடத்திலிருந்து அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றோ வேறு வேலை தேடியோ போக, அந்த இடங்களில் பாதிச் சம்பளத்துக்குப் புதியவர்கள் வந்தார்கள். இரவு ஷிப்டை வேறொரு நிறுவனத்துக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். அந்தத் துணை நிறுவனம் தன் பங்குக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றைப் பிடித்தது. கடைசியில் நள்ளிரவு இரண்டு மணிக்குத் தேடப்படுவோர் பட்டியல் இருக்கும் சர்வரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று காவல்துறையில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே சில நாள் தெரியாது. அட்மின் கணக்கு ஒன்றுதான், பாஸ்வேர்டும் ஒன்றுதான், ஷிப்ட் மாறும்போது கைமாறும். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் அது தெரியும், நாங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றினோம்.

இதைவிட மோசமானது லாக். யார் எதைப் பார்த்தார்கள் என்று பதிவாகும் அந்த லாக் இருந்த சர்வருக்கும் நான்தான் அட்மின். நான் தப்பு செய்திருந்தால் அதை அழிக்கவும் என்னால் முடிந்திருக்கும். கணக்குப்பிள்ளையே தணிக்கையாளராகவும் இருப்பது போலத்தான். உங்கள் குறிப்பில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் இதை எழுதுங்கள்: லாக் உருவான நொடியே ஒப்பந்த நிறுவனம் தொடவே முடியாத, காவல்துறை மட்டும் நடத்தும் இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதை வாரம் ஒருமுறையாவது உங்கள் ஆள் ஒருவர் படிக்க வேண்டும். படிக்காத லாக் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

வெளிநாட்டுக் கதை கேட்டீர்கள். டென்மார்க்கைப் பாருங்கள். அங்கே காவல்துறையின் ஓட்டுநர் உரிமப் பதிவேடு சிஎஸ்சி என்ற நிறுவனத்தின் மெயின்ஃபிரேம் என்ற பெரிய மையக் கணினியில் இருந்தது. 2012ல் ஹேக்கர்கள் அதற்குள் புகுந்து மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். குடிமக்களின் அடையாள எண்கள், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய ஷெங்கன் நாடுகள் பகிர்ந்துகொள்ளும் தேடப்படுவோர் தகவல் வரை அவர்கள் கைக்கு எட்டியது. நிறுவனமும் கண்டுபிடிக்கவில்லை, டென்மார்க் காவல்துறையும் கண்டுபிடிக்கவில்லை. ஸ்வீடன் காவல்துறை வேறொரு வழக்கை விசாரிக்கும்போது கிடைத்த தடயத்தை வைத்துத்தான் விஷயம் 2013ல் இவர்களுக்கே தெரியவந்தது. 2014ல் ஒருவருக்கு மூன்றரை வருடச் சிறை கிடைத்தது. எனக்கு இதில் உறைப்பது புகுந்தது அல்ல, புகுந்தது யாருக்கும் தெரியாமல் இருந்தது.

அடுத்தது ஸ்வீடன். காவல்துறை இல்லை, போக்குவரத்து முகமை, ஆனால் வாகன, உரிமப் பதிவேடு காவல்துறைக்கும் முக்கியமானதுதான். 2015ல் கணினி வேலையை ஐபிஎம்மிடம் கொடுத்தார்கள். அவசர அவசரமாக மாற்ற வேண்டியிருந்ததால் சட்டம் கேட்கும் பாதுகாப்புச் சரிபார்ப்பை முகமையின் தலைவரே தளர்த்திவிட்டார். நாட்டுக்கு வெளியே, சரிபார்ப்பே நடக்காத தொழில்நுட்ப ஆட்களுக்கு அணுகல் போய்விட்டது. தலைவர் 2017 ஜனவரியில் நீக்கப்பட்டார், 70,000 குரோனா அபராதம் கட்டினார். அதே வருடம் ஜூலையில் இரண்டு அமைச்சர்கள் பதவியை விட்டுப் போனார்கள். விதி இல்லாமல் இது நடக்கவில்லை. விதி இருந்தது, நேரம் போதவில்லை என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அதனால் பின்புலச் சரிபார்ப்பு முடியாத ஆளுக்கு அணுகல் கிடையாது என்பதோடு, இதைத் தளர்த்தும் அதிகாரம் யாருக்குமே கிடையாது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அமெரிக்காவில் எஃப்பிஐ வைத்திருக்கும் பாதுகாப்புக் கொள்கையில், குற்றப் பதிவுத் தகவலைக் கூடவே ஒருவர் இல்லாமல் அணுகும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் கைரேகை கொடுத்துப் பின்புலச் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. தனியார் ஆள் என்பதால் சலுகை இல்லை. அந்த வாசகத்தை எடுத்து மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.


கோப்பு எண் நான்கு பதில்:

மேலே எழுதியவரின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் குறிப்பு இந்தத் திசையிலேயே போனால் குழு முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடும் என்று பயப்படுகிறேன். தனியார் என்றால் ஓட்டை, அரசு என்றால் பூட்டு என்று எழுதாதீர்கள். எதிர்த்தரப்பு உடனே எடுத்துக் காட்டக்கூடிய உதாரணங்கள் கைவசம் இருக்கின்றன.

பிரிட்டனின் தேசியக் காவல் கணினி 1974ல் தொடங்கியது, உள்துறை அமைச்சகம் நடத்தியது. சட்டப்படி வைத்திருக்கக் கூடாத பதிவுகளை அவ்வப்போது களைந்துவிடும் நிரல் ஒன்று அதில் இருந்தது. அந்த நிரலில் ஒரு பிழை, வைத்திருக்க வேண்டிய பதிவுகளையும் சேர்த்து அழித்துவிட்டது. 2021 ஜனவரியில் வெளியே வந்தபோது 1,50,000 என்றார்கள், அப்புறம் 4,00,000 பதிவுகள் என்றார்கள். கைது விவரம், கைரேகை, குற்றப் பதிவு எல்லாம் அதில் அடக்கம். மீட்க மாதங்கள் ஆனது.

அதே வருடம் அமெரிக்காவின் டாலஸ் நகரில், நகராட்சியின் சொந்தக் கணினி ஊழியர் ஒருவர் கிளவுடிலிருந்து உள்ளூர் சர்வருக்குக் கோப்புகளை மாற்றும்போது முறையைப் பின்பற்றாமல் காவல்துறையின் 22 டெராபைட் தரவை அழித்துவிட்டார். 14 டெராபைட் மீண்டது, 8 போயே போய்விட்டது. வசந்த காலத்தில் நடந்ததை அரசு வழக்கறிஞர்களுக்கு ஆகஸ்டில்தான் சொன்னார்கள். ஒரு கொலை வழக்கின் விசாரணை தள்ளிப்போய், குற்றம் சாட்டப்பட்டவரைச் சிறையிலிருந்து வெளியே விட வேண்டியதாயிற்று. பிறகு தோண்டிப் பார்த்தபோது இன்னும் பல டெராபைட் காணாமல் போயிருந்தது தெரிந்தது.

வட அயர்லாந்து காவல்துறை 2023 ஆகஸ்டில் தகவல் உரிமைக் கேள்வி ஒன்றுக்குப் பதிலாக அனுப்பிய எக்செல் கோப்பில், மறைந்திருந்த தாள் ஒன்றில் 9,483 அதிகாரிகள், ஊழியர்களின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் எல்லாம் இருந்தன. அதிகாரிகள் தங்கள் வண்டிக்கு அடியில் குண்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போகும் ஊர் அது. ஹேக்கரும் இல்லை, ஒப்பந்த நிறுவனமும் இல்லை. 7,50,000 பவுண்டு அபராதம்.

இதை எல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், சொந்தத் துறையில் இரண்டு பேர் மாறி மாறி இரவு ஷிப்ட் பார்த்து, பத்து வருடம் பழைய சர்வரை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டு, மென்பொருள் ஓட்டையை அடைக்கும் பாதுகாப்புப் பேட்ச் போடவே நேரமில்லாமல் இருப்பதும் ஆபத்துதான். நானும் அரசுத் துறை ஒன்றில்தான் இருக்கிறேன். நல்ல பாதுகாப்புப் பொறியாளர் ஒருவரை அரசுச் சம்பளத்தில் ஒரு வருடத்துக்கு மேல் பிடித்து வைக்க எங்களால் முடியவில்லை. பெரிய நிறுவனத்திடம் இருபத்துநாலு மணி நேரமும் கண் விழித்திருக்கும் ஒரு குழு இருக்கும். அதை மறுத்துப் பேச முடியாது. உங்கள் குறிப்பு "கொடுக்காதே" என்று சொல்வதைவிட, எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே முடியாது என்று கோடு போட்டுக் காட்டினால் எடுபடும். மேசைக் கணினி பழுது, நெட்வொர்க் கேபிள், மின்னஞ்சல், இதை யார் நடத்தினால் என்ன? துப்புக் கொடுத்தவர்களின் பட்டியல் இருக்கும் டேட்டாபேஸின் சாவி மட்டும் உள்ளேயே இருக்கட்டும்.


நள்ளிரவு ஷிப்ட் பதில்:

கோப்பு எண் நான்கு, மறுக்க மாட்டேன். எங்களிடமும் பேட்ச் போடாத சர்வர்கள் இருக்கின்றன, அதைக் குறிப்பில் நானே ஒத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் நீங்கள் போடச் சொல்லும் கோடு நடைமுறையில் நிற்குமா என்பதுதான் என் சந்தேகம். ஹெல்ப்டெஸ்கை எளிதாகக் கொடுத்துவிடலாம் என்கிறீர்கள். ஹெல்ப்டெஸ்க் ஆள்தான் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பவர். ஒரு புலனாய்வு அதிகாரியின் பாஸ்வேர்டை மாற்றி அவர் பெயரில் உள்ளே போனால், டேட்டாபேஸின் சாவி யாரிடம் இருந்து என்ன பயன்? லாக்கிலும் அந்த அதிகாரியின் பெயர்தான் விழும். நெட்வொர்க்கும் அப்படித்தான், கம்பியில் ஓடுவது எல்லாம் அவர்கள் கைவழியாகத்தான் போகும், என்கிரிப்ஷன், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டுவது, முழுக்க இல்லாவிட்டால்.


பழைய வயர்லெஸ் பதில்:

நான் ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டு அறை மேற்பார்வையாளர். கணினி உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரியாது, நின்றுபோனால் என்ன ஆகும் என்று தெரியும். இங்கே எல்லோரும் ரகசியம் கசிவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் வேறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் காலத்தில் கணினிப் பையன்கள் மாடியில் இருந்தார்கள். அழைப்புத் திரை உறைந்துபோனால் நான் படியேறிப் போய்க் கதவைத் தட்டுவேன். அவர்களுக்கு என் முகம் தெரியும், என் குரலைக் கேட்டதுமே எவ்வளவு அவசரம் என்று தெரியும். அப்புறம் அந்த வேலை வெளியே போனது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வாகன எண்ணைத் தேடும் திரை வேலை செய்யவில்லை. சாலையில் தனியாக ஒரு காவலர், ஒரு காரை நிறுத்திவிட்டு, அது யாருடையது, உள்ளே இருப்பவன் ஆபத்தானவனா என்று வயர்லெஸ்ஸில் என்னைக் கேட்கிறார். நான் ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் போட்டால் அந்தப் பெண் மிகப் பணிவாக டிக்கெட் எண் கொடுத்து, ஒரு திரை மட்டும் வேலை செய்யாதது மூன்றாம் நிலைப் பிரச்சினை, அடுத்த வேலை நாளுக்குள் சரியாகும் என்றாள். அவள் மேல் தவறே இல்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. எத்தனை பேர் கணினி நின்றது என்பதை வைத்து நிலையைப் பிரித்திருந்தார்கள். ஒரே ஒரு ஆள் என்றால் மூன்றாம் நிலை. அந்த ஒரே ஆள் இருட்டில் சாலையோரம் நிற்கிறார் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே தம்பி, எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்ற அட்டவணையை வக்கீலும் கணக்குப் பிரிவும் மட்டும் உட்கார்ந்து எழுத விடாதீர்கள். ஷிப்ட் பார்க்கும் ஆட்களை உட்கார வையுங்கள். ரோந்து வண்டி ஓட்டும் ஒருவரை உட்கார வையுங்கள்.

இன்னொன்று, எண்ணிக்கையை வைத்துக் காசு கொடுத்தால் எண்ணிக்கைதான் கிடைக்கும். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் காவல்துறை 2012ல் ஜி4எஸ் நிறுவனத்துடன் பத்து வருட ஒப்பந்தம் போட்டது, 200 மில்லியன் பவுண்டு மதிப்பு, கட்டுப்பாட்டு அறை, கணினி, இன்னும் பல பின்னணி வேலைகள் அதில் அடங்கும். 2016ல் அந்தக் கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள் ஐந்து பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் தாங்களே 999 என்ற அவசர அழைப்பு எண்ணுக்கு அழைத்துத் தாங்களே சட்டென்று எடுத்து, சராசரி நேரத்தை அழகாகக் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. அந்த அறையில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், அந்த லைன் ஒரு உயிர். ஒப்பந்தம் 2022ல் முடிந்தது, பல வேலைகள் மறுபடி காவல்துறைக்குள் வந்துவிட்டன.


வெளியேறும் வாசல் பதில்:

கொள்முதல் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எல்லோரும் உள்ளே வருவதைப் பற்றி எழுதுகிறீர்கள், நான் வெளியே போவதைப் பற்றி எழுதுகிறேன். ஏழு வருடம் கழித்து, அல்லது நடுவில் சண்டை வந்தால், எப்படிப் பிரிவீர்கள்?

தென்னாப்பிரிக்கக் காவல்துறையில் நடந்ததைக் குழுவிடம் கட்டாயம் சொல்லுங்கள். அங்கே கைப்பற்றிய சாட்சியப் பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று கண்காணிக்கும் மென்பொருளையும் துப்பாக்கி தொடர்பான மென்பொருளையும் ஒரு தனியார் நிறுவனம் நடத்தியது. அந்த ஒப்பந்தங்கள் கொடுக்கப்பட்ட விதத்தைப் பற்றி நாடாளுமன்றக் குழு கேள்வி எழுப்பியது, பணம் நிறுத்தப்பட்டது. 2018 ஏப்ரலில் நிறுவனம் சேவையை அணைத்துவிட்டது. ஒப்பந்தத்தில் ஊழல் என்று சந்தேகம் வந்தாலும் சுவிட்ச் நிறுவனத்திடம்தான் இருந்தது. ஊழலை விசாரிக்க வேண்டிய காவல்துறையே இருட்டில் நின்றது. பணத் தகராறு இருந்தாலும் தீர்ப்பு வரும்வரை சேவையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் துறையே இயக்கத்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி இருக்க வேண்டும். எடுத்துக்கொள்ளலாம் என்று காகிதத்தில் எழுதினால் போதாது, எடுத்து நடத்தத் தெரிந்த ஆள் துறைக்குள் இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன அந்த "ஒரு சிலர்" யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அவர்கள் பில் சரிபார்க்கும் மேலாளர்கள் மட்டும் என்றால் இரண்டே வருடத்தில் நிறுவனம் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி இருக்காது. சர்வரில் தாங்களே நுழைந்து பார்க்கக்கூடிய ஐந்தாறு பேராவது அதில் இருக்க வேண்டும், அவர்கள் வருடம் ஒருமுறை பேக்கப்பை எடுத்து நிறுவனத்தின் உதவி இல்லாமல் வேறொரு சர்வரில் ஏற்றி ஓட்டிக் காட்ட வேண்டும். நான் இருந்த இடத்தில் இதைச் செய்யவில்லை. ஒப்பந்தம் முடிந்தபோது தரவு எங்களுடையது என்று காகிதம் சொன்னது, ஆனால் அதைப் படிக்க அவர்களின் மென்பொருள் வேண்டும், அதன் உரிமத்துக்குத் தனிக் காசு. நியூயார்க் காவல்துறைக்கும் பலன்டீர் என்ற தரவுப் பகுப்பாய்வு மென்பொருள் நிறுவனத்துக்கும் 2017ல் ஏறக்குறைய இதே மாதிரித் தகராறு செய்திகளில் வந்தது: மூலத் தரவு காவல்துறையுடையதுதான், ஆனால் அதை வைத்து வருடக்கணக்கில் செய்த பகுப்பாய்வை வேறு மென்பொருளில் பயன்படுத்தும் வடிவத்தில் யார் கொடுப்பது என்று.

அப்புறம் நீதிமன்றம். இதை யாரும் தொடவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது. வழக்கில் டிஜிட்டல் சாட்சியம் வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, இந்தக் கோப்பை யாரெல்லாம் தொட்டிருக்க முடியும் என்பதுதான். உங்கள் ஊழியர் பத்துப் பேர் என்றால் பத்துப் பெயர் சொல்லிவிடலாம். மூன்று அடுக்குத் துணை ஒப்பந்தம் என்றால் அந்தப் பட்டியலைத் தயார் செய்யவே முடியாது. லாக் சரியானதுதான் என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டிய ஆள் வேறு நிறுவனத்துக்கு வேலை மாறிப் போயிருப்பார், அழைப்பாணை அனுப்பி வரவழைக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்து பல வருடம் கழித்தும் மேல்முறையீடு வரும், அப்போது யார் வருவார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டுக் காவல்துறைத் தரவு நெறிமுறை 2016/680, தரவைச் சேகரித்தது, மாற்றியது, பார்த்தது, வெளியே கொடுத்தது, இணைத்தது, அழித்தது எல்லாவற்றுக்கும் லாக் வேண்டும் என்கிறது. பார்த்தாலோ வெளியே கொடுத்தாலோ எப்போது, எதற்காக என்பது தெரிய வேண்டும், முடிந்தவரை யார் என்பதும். தரவைக் கையாளும் நிறுவனம் முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் நாட்டில் அந்தச் சட்டம் செல்லாவிட்டாலும் இந்த இரண்டையும் ஒப்பந்த வரியாக எழுத யார் தடுக்கப்போகிறார்கள்?

சின்ன நிறுவனங்களையும் மறக்காதீர்கள். பெரிய ஒப்பந்தத்தை ஆயிரம் கண்ணோடு பார்ப்பார்கள், ஓரத்தில் இருப்பதை விட்டுவிடுவார்கள். 2020ல் அமெரிக்காவில் 200க்கும் மேற்பட்ட காவல் அமைப்புகளின் 269 ஜிகாபைட் ஆவணங்கள் வெளியே வந்தது, அவற்றின் இணையதளங்களை நடத்திய ஹூஸ்டன் நகரத்து நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான். 2023ல் லண்டன் பெருநகரக் காவல்துறை அதிகாரிகளின் பெயர், பதவி, புகைப்படம், பாதுகாப்புச் சரிபார்ப்பு நிலை இருந்த தகவல் ஆபத்துக்குள்ளானது ஒரு சப்ளையரின் கணினியில் நடந்த ஊடுருவலால். அடையாள அட்டை அச்சிட்டுக் கொடுக்கும் நிறுவனம்.


கோப்பு எண் நான்கு பதில்:

ஹெல்ப்டெஸ்க் பாஸ்வேர்டு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, நள்ளிரவு ஷிப்ட். நான் யோசிக்கவில்லை. ரகசியப் பிரிவு அதிகாரிகளின் பாஸ்வேர்டை ஹெல்ப்டெஸ்க் தொட முடியாதபடி பிரித்து, அதை உள்ளே இருக்கும் ஆட்களிடம் நேரில் மட்டுமே மாற்றும்படி வைக்கலாம். கொஞ்சம் சிரமம்தான், வெளியூரில் இருப்பவர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் சரிபார்க்கப்பட்ட ஒருவருக்கு அந்த உரிமை கொடுத்தால் சமாளிக்கலாம். நெட்வொர்க்குக்கு என்கிரிப்ஷன்தான் ஒரே வழி, சாவி உங்களிடம்.


நள்ளிரவு ஷிப்ட் பதில்:

எல்லோருக்கும் நன்றி, வெறும் நன்றி இல்லை, ஒரு வாரமாகத் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது இப்போதுதான் வரிசைக்கு வந்திருக்கிறது. பழைய வயர்லெஸ் ஐயா, உங்கள் வெள்ளிக்கிழமை ராத்திரியை ஊரும் பெயரும் இல்லாமல் குறிப்பின் முதல் பத்தியாக வைக்க அனுமதி தருவீர்களா? கசிவைப் பற்றிச் சொன்னால் குழுவில் பாதிப் பேருக்கு அது கணினிக்காரர்களின் பயமாகத் தெரியும். சாலையில் நிற்கும் காவலரைச் சொன்னால் அங்கே இருக்கும் சீருடைக்காரர்கள் எல்லோருமே ஒரு நாள் அப்படி நின்றவர்கள்தான்.

வேர் பாஸ்வேர்ட் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ஷிப்டில் ஒன்று செய்தேன். இப்போது எங்கள் லாக் எங்கே போகிறது என்று பார்த்தேன். தனி சர்வருக்குத்தான் போகிறது, அது எனக்கு முன்பே தெரியும். அந்த சர்வரின் அட்மின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். என் பெயர் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு ஏதோ ஒரு பழுதுக்காகச் சேர்த்திருக்கிறார்கள், யாரும் எடுக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. எங்கள் பிரிவில் இன்னும் நாலு பேருக்கும் இருக்கிறது. மேலாளருக்கு எழுதிவிட்டேன், முதலில் என் பெயரை எடுக்கச் சொல்லி.

குறிப்பு வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். வேர் பாஸ்வேர்ட், ஒரே ஒரு கேள்வி: லாக்கை வாரம் ஒருமுறை படிக்கும் ஆள் என்றீர்களே, அவர் யாராக இருக்க வேண்டும்? எங்கள் கணினிப் பிரிவு ஆளா, உள் விசாரணைப் பிரிவு ஆளா?


வேர் பாஸ்வேர்ட் பதில்:

உள் விசாரணைப் பிரிவு. ஆனால் எதைத் தேட வேண்டும் என்று அவருக்கு முதல் ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க உங்கள் பிரிவிலிருந்து ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்கள் என்றால் உங்கள் பெயரை ஒப்பந்த நிறுவனத்துக்கு மாறும் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி அதையும் குறிப்பிலேயே எழுதுங்கள், வெட்கப்பட வேண்டாம்.


பழைய வயர்லெஸ் பதில்:

தாராளமாக எழுதுங்கள் தம்பி. அது கொட்டும் மழை ராத்திரி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.